தம்பி படகின் பின்னால் தெரிந்த கறுப்பு

என் செல்லப் பாப்பாவுக்கு,

இங்கே நாங்கள் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி தேவலை, மருத்துவர் நடக்கச் சொன்னால் வாசல் கேட் வரைக்கும் போய்விட்டு வந்து நடந்தாயிற்று என்கிறார். இதெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், சொல்ல வாய் வராத ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். கடலுக்கு மேலே பறக்கும் விமானத்திலிருந்து ரேடார் அனுப்பும் படங்களைப் பார்த்து, எண்ணெய் கொட்டுகிறவன் யார், களவாகச் சரக்கு ஏற்றுகிறவன் யார் என்று கடல் காவலுக்குச் சொல்ல வேண்டும். அலையடிக்கும் தண்ணீர் படத்தில் வெளுப்பாக வரும், எண்ணெய் படிந்து அலை அடங்கிய இடம் கறுப்பாக வரும். காற்றில்லாமல் கடல் சும்மா கிடந்தாலும் அதே கறுப்புதான், அதனால் விமானத்தை இன்னொரு சுற்று வரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அறிக்கை கொடுப்போம். போன வாரம் ஒரு படகின் பின்னால் நீளமாகக் கறுப்பு தெரிந்தது, படகின் எண்ணைப் பார்த்தால் உன் மாமாவுடையது. அவன் என் தம்பி என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். தம்பிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருவரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று, விமானி "இன்னொரு சுத்து வரட்டுமா மேடம்?" என்று கேட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அறிக்கை கொடுத்தேன். யாரோ ஒருவருடைய படகாக இருந்திருந்தால் சுற்றி வரச் சொல்லியிருப்பேன் பாப்பா. என் நேர்மையைக் காட்ட அவன்தானா கிடைத்தான்.

படகைப் பிடித்துக் கரையில் கட்டிப் போட்டார்கள். சண்டைக்கு வருவான் என்று பார்த்தால், நம் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "நீ பாத்துச் சொன்னா தப்பா இருக்காதுக்கா, எங்கயோ ஒழுகியிருக்கு, கவனிக்காம விட்டது நான்தான்" என்றான். அதோடு விட்டானா, இத்தனை காலம் கூடவே கடலுக்கு வந்த மெக்கானிக்கைத் திட்டி வேலையை விட்டே அனுப்பிவிட்டான். எஞ்சினில் ஒரு ஒழுகலும் இல்லை என்று அந்த மனிதர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாராம், எங்கக்கா சொன்னால் சொன்னதுதான் என்று இவன் காதிலேயே வாங்கவில்லையாம்.

இன்று காலை, அந்த இடத்தில் எடுத்த தண்ணீரின் சோதனை முடிவு வந்தது. எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை, கரையோரக் குன்றின் மறைவில் காற்றுப்படாமல் கிடந்த தண்ணீர், அவ்வளவுதான். படகை விட்டாச்சு, இதெல்லாம் சகஜம் என்று அதிகாரி போய்விட்டார். மாமாவுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. நான் சிபாரிசு செய்துதான் விட்டார்கள் என்று நினைத்து, எனக்குப் போனில் நன்றி சொன்னான். நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டேன். அந்தச் சரியை நினைத்தால் உடம்பே கூசுகிறது.

இதை முடித்ததும் முதலில் மெக்கானிக் வீட்டுக்கும், பிறகு தம்பி வீட்டுக்கும் போகிறேன். அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நிறைவாக வாழ வேண்டும், அதுதான் எங்கள் ஆசை. ஒன்று மட்டும் மறக்காதே. மாமா கோபமாக உன்னைக் கூப்பிட்டால் எனக்காகப் பரிந்து பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொள். அவன் கூப்பிடவே இல்லையென்றால் நீ கூப்பிடு.

உன் அம்மா