சத்தமாகப் படித்த பாடம்

அக்கா,

இன்று பத்தாம் வகுப்பில் ஒரு பெண் பெஞ்சில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "தூங்கறதுக்கா பள்ளிக்கூடம் வந்த?" என்று அதட்டிக்கொண்டே அருகில் போனேன். அவள் கையில் புளி வாசனை. நகத்தைச் சுற்றிலும் கறுப்பு.

நம் பக்கத்தில் புளியும் பரீட்சையும் சேர்ந்துதான் வந்து தொலைக்கும். மாசி பிறந்தால் மண்டிக்காரர் வீட்டுக்கு வீடு மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டிக் கொடுத்தால் கூலி. அந்தக் கூலிதான் நம் வீட்டு அரிசி. அப்பா அம்மாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் படிப்பில் ஒரு வருஷம் தவறிய நீயும், நானும் அப்போது ஒரே பத்தாம் வகுப்பு. "ரெண்டு பேரும் புஸ்தகத்தப் புடிச்சா மூட்ட காலியாவுமா?" என்று அம்மா கத்தியபோது நீதான் வழி சொன்னாய்.

"நீ சத்தமா படி புள்ள. நான் தட்டிக்கிட்டே கேட்டுக்கறேன். ரெண்டு பேருக்கும் ஆச்சு."

நான் படிக்கப் படிக்க, நீ கொட்டையைத் தட்டிக்கொண்டே திருப்பிச் சொல்வாய். சில நாள் என்னைவிட ஒழுங்காகச் சொல்வாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. பரீட்சை நெருங்கியதும், மனதுக்குள் படித்தால் சீக்கிரம் ஏறுகிறது என்று கண்டுகொண்டேன். அறிவியல் புத்தகத்தை எடுத்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"தொண்ட வலிக்குதுக்கா."

நீ நம்பினாய். கையைக் கழுவிக்கொண்டு போய், உப்புப் போட்டு வெந்நீர் கொண்டுவந்தாய். கொப்பளித்துத் துப்பிவிட்டு, மறுபடியும் நான் மனதுக்குள்ளேயே படித்தேன்.

அறிவியலில் மட்டும் நீ தேறவில்லை. "பெரியவளுக்கு மண்டையில ஏறல" என்றார்கள் ஊரில். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு நன்றாகவே ஏறும், எனக்குத் தெரியும். மறுபடி எழுத உனக்கு நேரம் வாய்க்கவில்லை, மாரண்டஹள்ளிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன அன்று, உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சி டீச்சருங்க, டீச்சருங்கன்னு பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாளே" என்று அழுதார்.

பயந்து எழுந்த அந்தப் பெண்ணிடம், "எழுத வேணாம், சும்மா கேட்டுக்க" என்றேன். அவள் பக்கத்திலேயே நின்று அறிவியல் பாடத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. நாளைக்கும் படிப்பேன்.

தொண்டை வலிக்கிறது அக்கா. இந்தத் தடவை நிஜமாகவே.