அரை மில்லி

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி ஹெல்த் சென்டருக்குள் நுழைவதற்குள் குடை இரண்டு தடவை திருப்பிக்கொண்டது. கூட்டமில்லை. நாலு காய்ச்சல், ஒரு கால் கட்டு. மூன்றரைக்கெல்லாம் வீடு.

புதன்கிழமை தடுப்பூசி நாள். புதுச் சீட்டுக்கட்டு தயார் பண்ண வேண்டும். பழையதில் பூஞ்சை, கிளாவர் ராணிக்கு மீசையே முளைத்துவிட்டது. வெளியூரிலிருந்து வித்தைக் கட்டு வரவழைத்தால் இந்தத் தீவுக்குக் கப்பல் எப்போது வருமோ. அதனால் கடைச் சீட்டை நானே வெட்டிக்கொள்வது. ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு நீளப் பக்கமும் லேசான சாய்வாக, மேல் முனை மட்டும் அரை மில்லி ஒடுங்கும்படி. கண்ணுக்குத் தெரியாது. குழந்தை ஒரு சீட்டை உருவிப் பார்க்கும். அதற்குள் நான் கட்டைத் திருப்பிவிடுவேன். சீட்டு உள்ளே போனதும் அது மட்டும் தலைகீழ். எத்தனை தடவை கலைத்தாலும் அதன் அகலமான முனை விரலுக்குத் தட்டுப்படும். "இதுதானே உன் சீட்டு?" என்று நீட்டினால் வாயைப் பிளக்கும். அந்த நேரத்தில் ஊசி போட்டு முடித்துவிடலாம். பதினோரு வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன். மற்ற நர்ஸுகளுக்கு மிட்டாய், எனக்குச் சீட்டு.

இன்று பதினாறு வெட்டினேன். ஒன்பது வீண். ஓரம் நெளிகிறது. பிளேடுதான். இந்தக் கடல் காற்றில் பிரித்து வைத்த மறுநாளே துரு.

வாங்க: கட்டர் பிளேடு. பவுடர். கொத்தமல்லி (கப்பல் வந்திருந்தால்).

ஜூன் 10, செவ்வாய்

புது பிளேடு. அப்படியும் நெளிசல். சே!

ஈரம். வேறென்ன. சீட்டு உப்பிக் கிடக்கிறது. மொத்தக் கட்டையும் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். இந்த வீட்டில் கேமரா, நனைந்த போன், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் அந்த டிரம்மில் படுத்து எழுந்தவைதான். சாயங்காலம் இவர் சோறு வைக்க அரிசி எடுக்கப் போனார். படகில் இன்ஜின் வேலை. கடல் கொந்தளிப்பில் இந்த வாரம் படகு ஓடவில்லை, ஆள் வீட்டோடு.

"ஏளா, அரிசிக்குள்ள ராஜாவும் ராணியும் படுத்துக் கெடக்காவ. அப்படியே விடவா, உலையில போடவா?"

"தொடாதீங்க! காயட்டும்!"

எதற்கு அத்தனை சத்தம்? எனக்கே தெரியவில்லை. அவர் படியை டிரம்மில் போட்டுவிட்டுத் திண்டாடினார், பாவம்.

காய்ந்ததும் எடுத்தால் ஓடு மாதிரி வளைந்துவிட்டது. அழுத்தி வைத்து வெட்டினேன். தேறியது நாற்பது. போதும், பிள்ளைகள் எண்ணவா போகிறார்கள்.

ஜூன் 11, புதன்

வெயில் சுள்ளென்று. வராண்டாவில் இடமில்லை. முதல் மூன்று பிள்ளைகளுக்கு வித்தை பலித்தது.

நாலாவது ரியா. ஐந்து வயது, பள்ளிக்குப் போகும் முன் போடுகிற ஊசி. அம்மா ஷிப்ரா, வயல் தாண்டி இருக்கிற வங்காளி வீடு. ரியா சீட்டை எடுத்தது, மூடியது, திரும்ப வைத்தது. நான் கலைத்தேன், உருவினேன், நீட்டினேன். இஸ்பேட் ஒன்பது.

"ஆன்ட்டி, யே வாலா நஹி."

இது இல்லையாம். டைமன் ஆறாம். பின்னால் நின்றதுகள் கொல்லென்று சிரித்தன. எனக்குக் காது சூடாகிவிட்டது. சரி, ஊசியையாவது முடிப்போம் என்று கையைப் பிடித்தேன். முதல் குத்து சறுக்கிவிட்டது. ரத்தம். புது சிரிஞ்ச், மறுபடி.

குழந்தை அசைந்துவிட்டது என்று ஷிப்ராவிடம் இந்தியில் சொன்னேன். தடங்கலே இல்லாமல் வந்தது. அவள் ரியாவின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"மே நஹி ஹிலி!" நான் அசையலை, நான் அசையலை என்று வாசல் தாண்டும்வரை அழுகை. சிஸ்டர் சொன்ன பிறகு பிள்ளை பேச்சை யார் நம்புவார்கள்?

மீதியைப் புஷ்பாவிடம் தள்ளினேன். எனக்கு ஜூனியர், கை நிதானம்.

"என்னக்கா, மேலுக்கு முடியலயா?"

"தலைவலி."

ஜூன் 12, வியாழன்

வரிசையாகப் பார்த்தாயிற்று.

பிளேடு: மாற்றினேன். ஈரம்: காயவைத்தேன். ஸ்கேல் வழுக்குகிறதோ என்று அடியில் ரப்பர் ஒட்டினேன். மேஜைக் காலுக்கு அட்டை. ஃபேன் நிறுத்தம். காலையிலிருந்து டீ கிடையாது, மண்டை இடி.

பத்துச் சீட்டு. ஏழு நெளிசல்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. எழுத மாட்டேன்.

கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். துணி எடுக்கக் கொல்லைக்குப் போய் எடுக்காமலே வந்தேன். பிறகு மறுபடி போனேன்.

"ஒரு எடத்துல இரேன்ளா. என் படகே தேவல போலிருக்கு."

ஜூன் 13, வெள்ளி

லீவு சொல்லிவிட்டேன். சும்மா. மீன் சுத்தம் பண்ணும்போது விரலில் வெட்டு. சின்னதுதான்.

ஜூன் 14, சனி

மழை. படகு இன்னும் இல்லை. இவருக்குப் பொழுது போகவில்லை. நான் மூன்று சீட்டைக் கெடுத்துத் தூக்கி எறிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொண்டா இங்க. நான் வெட்டுதேன்."

வெங்காயம் நறுக்கினால் ஒரு துண்டு கடுகு அளவும் ஒரு துண்டு கட்டைவிரல் அளவும் வருகிற மனுஷன். வெட்டட்டும் என்று கொடுத்தேன். கெடுத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், வேண்டிக்கொண்டேன்.

அதே பிளேடு, அதே ஸ்கேல், அதே மேஜை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு டீ குடித்திருந்தார், போனில் தம்பியோடு பேச்சு வேறு. பத்து வெட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். பத்தும் நேர்.

"பாத்தியா! இதுக்குப் போயி ஒரு வாரமா வீட்ட ரெண்டாக்குன!"

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் பயந்துபோய்விட்டார்.

"பாழாக்கிட்டனா? அரே, வேற கட்டு வாங்கிக்கலாம்ளா."

"எல்லாம் நேராத்தான் இருக்குங்க. என் கைதான் நடுங்குது. ரெண்டு மாசமா."

பிளேடைத் தள்ளி வைத்தார். பிறகு, "எந்தக் கை?"

வலது கையை நீட்டினேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார், இன்ஜின் குழாயில் அதிர்வு பார்க்கிற மாதிரி.

"இப்ப இல்லையே."

"சும்மா இருந்தா இல்ல. ஒரு வேலை செய்யப் போனாத்தான்."

"ஊசி போடும்போது?"

புதன்கிழமை நடந்ததைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.

"அப்ப அந்தப் புள்ள சும்மா அடி வாங்கிருக்குல்லா."

வந்ததே கோபம்! எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். சாயங்காலம்வரை பேசவில்லை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

முதல் வேலையாக டாக்டர் அறை. எழுதி வைத்துக்கொண்டு போனேன், எழுதியதைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். தாளில் சுருள் சுருளாக வட்டம் போடச் சொன்னார். போட்டேன். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. போர்ட் பிளேயர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தார், வியாழக்கிழமை. எதனால் என்று பார்த்த பிறகுதான் தெரியுமாம், பயப்பட வேண்டாமாம். அதுவரை நான் மருந்து கவுன்டர். ஊசி புஷ்பா. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாலு மணிக்கு வயல் வரப்பில் நடந்து ஷிப்ரா வீடு. செருப்பு முழுக்கச் சேறு. இவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஷிப்ரா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சிஸ்டர் வீடு தேடி வந்ததில் அவளுக்கு ஒரே பதற்றம், ஊசியில் ஏதும் கோளாறா என்று. ஊசியில் ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கு ரியா அசையவே இல்லை, அசைந்தது என் கை, பொய் சொல்லிவிட்டேன் என்றேன். இந்தி இந்தத் தடவை திக்கித் திக்கித்தான் வந்தது.

ரியா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே வந்தது. அதனிடம் மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன். என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. நேராக அம்மா முன்னால் போய் நின்றது.

"மேனே போலா தா நா, மா?"

நான் சொன்னேன்ல? ஷிப்ரா நாற்காலி துடைத்த துணியை மடிக்க ஆரம்பித்தாள். ரியா மறுபடியும் கேட்டது.