இருளாயி என்ற கல்

நாகமலை புதுக்கோட்டை,
18.9.2023

அன்புள்ள காவ்யா,

போனில் நீ அழுகிறாய்; அதனால்தான் கடிதம். காளவாசல் ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று முறை போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறேன். "நல்லாயிட்டு வருதும்மா" என்கிறார் டாக்டர். என் கால் வீக்கம் அப்படிச் சொல்லவில்லை.

பிப்ரவரியில் கல்லூரி கம்ப்யூட்டரில், வானத்தின் நான்கு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்து நாம் பிடித்த புள்ளி என்ன ஆயிற்று? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள் என்றார்களே. மறுபடியும் கண்ணில் பட்டால்தான் பாதை உறுதியாகும், பெயர் வைக்கலாம். இல்லையென்றால் தொலைந்த கணக்கு. அம்மா பெயரை வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பார்த்ததும் எழுது.

ஜோதி


புனே,
12.10.2023

ஜோதி செல்லம்,

உட்கார்ந்துகொண்டு படி. நம் கல் திரும்ப வந்துவிட்டது! போன வாரம் இங்குள்ள தொலைநோக்கியில் நானே பார்த்தேன்டி. பெயருக்கும் எழுதிப் போட்டாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லு. தைரியமாக இரு.

என்றும் உன்,
காவ்யா


நாகமலை புதுக்கோட்டை,
25.10.2023

காவ்யா,

அம்மா பரவை மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டாள். "எம்பேருல வானத்துல ஒரு கல்லு சுத்துதுடி!" பக்கத்துக் கடை சோணையம்மாள், "எம்புட்டுப் பெருசு இருளாயி? வீடு கட்டலாமா?" என்றாளாம். "நாகமலை தண்டி இருக்கும், போடி" என்றாளாம் அம்மா.

சிரித்தேன். பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். பிப்ரவரியில் அந்தக் கல் சூரியனுக்கு நேர் எதிரே இருந்தது. கணக்குப் போட்டால், அக்டோபரில் சூரியனுக்குப் பின்னால் போயிருக்கும். எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாது. இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான்.

டாக்டர் பொய் சொல்கிறார். "சரியாப் போயிரும்" என்று அம்மா பொய் சொல்கிறாள். நீயுமா?

வருகிற பிப்ரவரியில் அது விடியற்காலை வானத்துக்கு வந்திருக்கும். அப்போது தேடு. கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று எழுது. அம்மாவிடம் மட்டும் எதுவும் சொல்லாதே.

ஜோதி


புனே,
3.3.2024

அன்புள்ள ஜோதி,

நீ இருக்கும்போது பதில் போட எனக்கு முகம் இல்லை. கேட்டபடி இப்போது எழுதுகிறேன். தேடினோம். கிடைக்கவில்லை. நம்மிடம் இருந்தது சில நாள் அளவுகள்தான். அதை வைத்துப் பாதை போட்டால், கல் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வருகிறது. இனி யாராவது தற்செயலாகப் பார்த்தால் உண்டு. அப்போது அது அவர்களுடைய கல்.

உன் கருமாதிக்கு வந்திருந்தேன். பொழுது சாய, அம்மா என்னை மாடிக்குக் கூட்டிப்போனார்.

"எங்கிட்டுத்தா இருக்கு நம்ம கல்லு?"

மேற்கே முதலில் தெரிந்ததைக் காட்டினேன்.

"ஆத்தீ, இம்புட்டு வெளிச்சமாவா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அது வியாழன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் உடனே பிடித்திருப்பாய்.

காவ்யா