உன் அறைக் கதவு ஊர் சுற்றிய கதை

அன்பு மகள் ஜெனலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, பூனை மூவரும் சுகம், பனி இன்னும் விழத் தொடங்கவில்லை, நீயும் அந்த அரிசோனா வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்களுக்கு இருக்கும் ஒரே தொல்லை ஃப்ரிட்ஜ் மூடமாட்டேன் என்பதுதான். உள்ளே முழுக்க, துக்க வீட்டுக்குக் கொடுப்பதுபோல் ஊரார் கொண்டுவந்து குவித்த ஹாட்டிஷ், காளான் குழம்பும் மாட்டிறைச்சியும் மேலே உருளைக்கிழங்கு உருண்டையும், வீட்டுக்கு வீடு அதே ருசி. யார் செத்துப்போனார்கள் என்று பயப்படாதே, எல்லாம் உன் கதவால் வந்தது.

போன மாதம் நீ போனில் அழுதாயே, "அப்பவே புகார் குடுக்கலன்னா இப்ப வேற என்ன சான்று இருக்குன்னு கேக்கறாங்கப்பா, எங்கிட்ட ஒண்ணுமே இல்ல, உதவித்தொகை மனுவத் திருப்பி வாங்கிடறேன்" என்று. கடற்படையில் அந்த ஆள் உன்னைக் கெடுத்ததற்கு ரசீது கேட்டால் நீ எங்கே போவாய். கோர்டியிடம் மட்டும் சொல்லலாம் என்று நீ அனுமதித்திருந்ததால் அவனுக்குப் போன் செய்தேன், நம் மாவட்டத்தில் முன்னாள் படைவீரர்களின் மனுக்களை அவன்தானே பார்க்கிறான். "அதுக்கப்புறம் அவ மாறிப்போனதக் காட்டுற எதுவா இருந்தாலும் கொண்டாங்க ஓர்வில்" என்றான். கொண்டா என்றால் கொண்டுபோகிற ஆள் நான், உனக்குத் தெரியும். குளியலறைக் கதவைச் சாத்தக்கூட மறக்கிற பெண் நீ, அந்த வருஷம் லீவில் வந்து உன் அறைக் கதவின் உள்பக்கம் நாலு தாழ்ப்பாள் அடித்தாயே, அந்தக் கதவைக் கீலோடு கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

பெட்ரோல் பங்கில் டுவேன், "என்னப்பா, மார்லிஸ் உன்னத் தொரத்திட்டாளா, சொத்துல ஒத்தக் கதவுதான் உன் பங்கா?" என்று கேட்டான். உண்மையைச் சொல்ல முடியாது, பொய்யும் வரவில்லை, "ம்" என்றேன். நம் ஊரில் ஒரு "ம்" போதுமே, பொழுது சாய்வதற்குள் நானும் உன் அம்மாவும் பிரிந்துவிட்டோம். அவளுக்குப் பெரிய ஹாட்டிஷ், எனக்குத் தனியாக வண்டி சீட்டில் சின்னதாக ஒன்று. பாஸ்டர் வந்து ஆறுதல் சொன்னபோது மறுத்துப் பேச வழியில்லாமல் உன் அம்மா தலையாட்டிவிட்டாள், இப்போது செவ்வாய்தோறும் அவர் அறையில் போய் ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டிருக்கிறோம். முதல் வாரம் சும்மா ஒப்புக்கு ஏதோ சொன்னவள் இரண்டாம் வாரம் என் குறட்டை, என் தம்பி, தேனிலவில் நான் மீன்பிடிக்கப் போனது என்று வரிசையாக எடுத்துவிட்டாள். எனக்கே அவள்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

கோர்டி அலுவலகத்தில் கதவு உள்ளே நடைவழி முடக்கில் திரும்பவில்லை. அவன் வெளியே வந்து அந்தத் தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான், பிறகு, "போட்டோ போதும் ஓர்வில், நீங்களும் மார்லிஸும் கண்ணால பாத்ததை எழுதிக் குடுங்க, வெளியாள் ஒருத்தர் எழுதினா இன்னும் நல்லது" என்றான். வெளியாளுக்கு எங்கே போவது என்று கதவைத் திருப்பிக் கொண்டுவந்து கார் கொட்டகையில் படுக்கப்போட்டிருந்தேன். அப்போதுதான் சர்ச்சில் ஆட்களை உட்கார வைக்கும் லவோன் தன் பங்கு ஹாட்டிஷோடு வந்தாள். கதவைப் பார்த்தாள், பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "பாட்டுக்குழுல முன்னாடி நிக்கிற பொண்ணு, அந்தத் தடவ லீவுல வந்தப்போ கடைசி பெஞ்சுல, வாசல் ஓரமா செவுத்துல முதுக ஒட்டிக்கிட்டு உக்காந்துச்சு. என்னன்னு நான் கேக்கல, இப்பவும் கேக்கல. ஆனா அதுக்கப்புறம் அந்த எடத்துல நான் யாரையும் உக்கார விட்டதில்ல. எங்கயாவது எழுதித் தரணும்னா தரேன்" என்றாள். உன் விஷயத்தை நான் அவளிடம் உடைக்கவில்லை, இதிலும் காளான் போட்டிருக்கிறாயா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன்.

முடிவு உன்னுடையது கண்ணு. நீ சரி என்றால் அவள் பார்த்ததை மட்டும் எழுதுவாள், வேண்டாம் என்றால் இந்தப் பேச்சு கொட்டகையோடு போச்சு. மனுவை மட்டும் அவசரப்பட்டுத் திருப்பி வாங்காதே. உனக்கு ஆலோசனை சொல்லும் அந்த அம்மாளிடம் போவதையும் நிறுத்தாதே, நாங்களே போகிறோம், உனக்கென்ன. உன் கதவை மறுபடி மாட்டிவிட்டேன், நாலு தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விட்டிருக்கிறேன், நீ வந்தால் எத்தனை வேண்டுமோ போட்டுக்கொண்டு தூங்கு. கடவுள் உன்னை எப்போதும் காப்பாற்றட்டும், உன் அம்மா முத்தம் அனுப்புகிறாள்.

என்றும் உன் அன்பு அப்பா,
ஓர்வில்

பி.கு: நேற்று ஞாயிறு, சர்ச்சில் கூட்டம் தாங்கவில்லை, நானும் டுவேனும் நின்றுகொண்டேதான் ஜெபம் செய்தோம். கடைசி பெஞ்சில் வாசலோரம் லவோனின் கைப்பை மட்டும் உட்கார்ந்திருந்தது.