சட்டத்தில் இல்லாத வாசல்

காக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டு வளவில் பழைய வேலிக் கிடுகைக் குவித்துக் கொளுத்தினார்கள். கச்சான் காற்று அந்தப் புகையை அப்படியே என் குசினிக்குள் தள்ளிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு முன்வாசலுக்கு வந்து நின்றேன். எரிந்த தென்னோலையின் மணம் எனக்கு இன்றைக்கும் பொறுக்காது. உங்களுக்கும் பொறுத்ததில்லை. நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் இவ்வளவு காலத்துக்குப் பிறகு, என் மூத்த சகோதரனான உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும் போலிருந்தது.

சூறாவளிக்குப் பிந்திய கல்முனையை நினைத்துப் பார்க்கிறேன். ஓடும் தகரமும் பறந்துபோன வீடுகளை ஆட்கள் கிடைத்ததைக் கொண்டு மூடினார்கள். விழுந்த தென்னைகளின் ஓலை ஊர் முழுக்கக் கிடந்தது. அதைப் பின்னி வேய்ந்து அடியில் குடியிருந்தார்கள். நீங்கள் அப்போது பட்டின சபையில் கட்டிடங்களைப் பார்வையிட்டு அனுமதி கொடுக்கிற உத்தியோகத்தர். கொழும்பிலிருந்து வந்த விதிகளின்படி, தீ பரவாமலிருக்க வீட்டின் நாலு பக்கமும் இடைவெளி விட வேண்டும், தீயணைப்பு வண்டி வருகிற அகலத்தில் பாதை வேண்டும். தீயணைப்பு வண்டி என்ற ஒன்றை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் கண்டதில்லை. உம்மாவின் வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பங்கிட்டு, ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்துத்தான் இங்கே கலியாணம். மூன்று பெண்பிள்ளைகள் பிறந்த வளவில் இடைவெளிக்கு எங்கே போவது? நீங்கள் அனுமதி மறுத்தீர்கள். ஆட்கள் அனுமதி கேளாமலே கட்டினார்கள்.

ஒரு தகப்பன் எங்கள் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டது ஞாபகமிருக்கிறதா? "ஊடு குடுக்காம எப்புடிப் புள்ளய கட்டிக் குடுக்கிற? உங்கட சட்டத்த கொழும்புலயே வெச்சிக்கச் செல்லுங்க!"

அவர் போன பிறகு, "அவருட கதையிலயும் ஞாயம் இரிக்கி" என்று மட்டும் சொன்னீர்கள்.

சுபைதா என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். கடற்கரைப் பக்கம் கலியாணம் முடித்துப் போயிருந்தாள். ஒரு கச்சான் காலத்துப் பகலில், அவளுடைய வரிசையில் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பிலிருந்து பொறி கிளம்பி, கூரைக்குக் கூரை தாவிப் போயிற்று. அவளுடைய புருஷன் கடலுக்குப் போயிருந்தார். சனம் மணல் வாரி எறிந்து, கிணற்றில் அள்ளி ஊற்றி, கடைசியில் எரியாத கூரைகளைப் பிய்த்துப் போட்டுத்தான் தீயை நிறுத்தியது. சுபைதாவைப் பின்பக்கத்தில் கண்டெடுத்தார்கள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்திருந்தாளாம். பிள்ளைக்கும் உயிர் இல்லை.

சபையின் சார்பில் இடத்தைப் பார்க்கப் போன நீங்கள் பிற்பகலில் வீட்டுக்கு வந்தீர்கள். உடுப்பெல்லாம் கரி. சோற்றைத் தொடவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள்.

"அந்தப் புள்ள ஏன் பின்னால ஓடின? பின்னால வழியே இல்லியே."

"முன்னால நெருப்பெண்டா வேற எங்க ஓடுற, காக்கா? நாங்க எப்பவும் பின்னாலதானே போற. வேலிக் கடப்பால."

"எந்தக் கடப்பு?"

"ஊட்டுக்கு ஊடு இரிக்கி. பொம்புளையள் ரோட்டுக்கு எறங்காம போய்வாற வழி. நீங்க ஆம்புளையள் அத எங்க காணுற? சுபைதாட ஊட்டுக் கடப்பையும், பின்னூட்டுக்காரங்க குசினி கட்டக்குள்ளதான் அடைச்ச."

அந்தக் குசினியும் அனுமதி கேளாமல் கட்டியதுதான். கேட்டிருந்தாலும் நீங்கள் மறுத்திருப்பீர்கள், அவர்களும் கட்டித்தான் இருப்பார்கள். அதுதான் உங்களைத் தின்றது என்று பிறகு விளங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என்னையும் எனக்கு மூத்தவளான ராத்தாவையும் அழைத்துக்கொண்டு வளவு வளவாகத் திரிந்தீர்கள். எந்த வேலியில் எங்கே கடப்பு இருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்று நாங்கள் காட்ட, நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். இடைவெளி விட முடியாத வளவில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே கல்சுவர், கூரைக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். குசினிக்குக் கிடுகு கூடாது, ஓடுதான். கச்சான் வருகிற பக்கத்தில் அடுப்பு கூடாது. பெண்கள் போய்வருகிற கடப்பு இருந்த இடத்தில் ஒரு கதவு, அதை எவரும் அடைக்கக் கூடாது. எங்கள் ஊருக்கென்று நீங்கள் வரைந்த விதி இவ்வளவுதான்.

மேலிடத்திலிருந்து வந்த இஞ்சினியர் நல்ல மனிதர் என்றுதான் சொன்னீர்கள். உங்களுடைய வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தாராம். "ஊருக்கொரு சட்டம் எழுத ஏலாது. இடைவெளிய நான் விட்டுக்குடுத்தா எல்லா ஊரும் கேக்கும். நாளைக்கு ஆள் செத்தா ஆர் பதில் செல்லுற?" என்றாராம்.

"இப்ப செத்த ஆளுக்கு ஆர், சேர், பதில் செல்லுற?" என்று கேட்டுவிட்டு வந்தீர்கள்.

எனக்குக் கலியாணம் பேசி வைத்திருந்த காலம் அது. ராத்தாவின் வீட்டுக்குப் பக்கத்தில் எனக்கு வீடு கட்டும் பொறுப்பு உங்கள் தலையில். மேலிடம் மறுத்த விதியின்படியே அதைக் கட்டி, அனுமதியில் நீங்களே ஒப்பமிட்டீர்கள். பின்கதவு பின்பக்கத்துத் தமிழ்க் குடும்பமான கனகம்மாக்காவின் வளவுக்குத் திறந்தது. அவர்களிடம் முதலில் போய்க் கேட்டீர்கள்.

"ஒரு கிணத்துலதானே தம்பி ரெண்டு ஊடும் தண்ணி அள்ளுறம். வையுங்க கதவ" என்றார் கனகம்மாக்கா.

பிறகு கேட்டு வந்த எல்லோருக்கும் அதேபோல் அனுமதி கொடுத்தீர்கள். ஆனால் தங்கச்சிக்காகச் சட்டத்தை வளைத்தவர் என்ற பெயர்தான் நின்றது. எவரோ முறைப்பாடு எழுதினார்கள். விசாரணை நடந்தது. உங்களைப் பொத்துவில் பக்கம் மாற்றினார்கள். பஸ் ஏறும்போது நீங்கள் சிரித்தீர்கள். நான் அழுதேன்.

பிறகு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவர நாட்கள் வந்தன. தமிழ் வளவுகளும் எங்கள் வளவுகளும் அடுத்தடுத்து இருந்த தெருக்களில் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்தார்கள். நீங்கள் வரைந்த விதியின்படி வைத்த பின்கதவுகளைச் சனம் ஒவ்வொன்றாகக் கல் வைத்து அடைத்தது. லீவில் வந்த நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள்.

"அடைக்காதீங்க. பூட்டுப் போடுங்க, பூட்டுட தொறப்ப உள்ளுக்குக் கதவோட தொங்க உடுங்க. நெருப்பு வந்தா என்ன செய்யிற?"

"நெருப்பு வாறத்துக்கு முந்தி மனுசன் வந்தா என்ன செய்யிற?" என்று ஒரு பெண் கேட்டாள்.

நான் மட்டும் அடைக்கவில்லை. நீங்கள் திரும்பிப் போன பிறகு, ஒரு நாள் பிற்பகல் அசர் தொழுகை முடிந்த நேரம். கனகம்மாக்காவின் முன்கூரையில் எவரோ தீ வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். எவர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிய விரும்பியதுமில்லை. பின்கதவில் இரண்டு கையாலும் அடிக்கிற சத்தம். திறந்தேன். கனகம்மாக்கா, அவருடைய மனுசன், பிள்ளைகள், எல்லோரும் என் குசினிக்குள் விழுந்தார்கள். நான் கதவைச் சாத்தினேன். அந்த வீடு முழுதும் எரிந்தது. அவர்கள் பக்கமிருந்த எங்கள் பின்சுவர் கறுத்தது, ஆனால் நின்றது. மறுநாள் விடியவே உறவினர்கள் வந்து அவர்களை மட்டக்களப்புக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போது கனகம்மாக்கா என் கையைப் பிடித்தார். பிறகு அவர்கள் திரும்பி வரவேயில்லை.

தகவல் கேட்டு ஓடி வந்தீர்கள். உங்கள் கதவு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதே என்று சந்தோஷப்படுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். தெருவிலுள்ளவர்கள் வந்து உங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். எரிந்த வளவில் இனி ஆள் இல்லை, அந்தப் பக்கமாக எவரும் வரலாம், இந்தக் கதவால் தெருவுக்கே ஆபத்து என்றார்கள். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் போன பிறகு கதவைத் திறந்து அந்தச் சாம்பல் வளவைப் பார்த்தீர்கள்.

"அவங்க செல்லுறதும் பிழையில்ல, தங்கச்சி. சின்னப் புள்ளையளோட இரிக்காய். அடைச்சிடுவம்."

"நீங்களா காக்கா செல்லுற?"

"நெருப்புக்கெண்டு சட்டம் எழுதினன். மனுசருக்குப் பயந்து இரிக்கிற ஊட்டுக்கு என்ன சட்டம் எழுதுற எண்டு எனக்கு வெளங்கல்ல."

மேசனைக் கூப்பிட்டு, கல்லை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. அந்த வேலை முடிந்ததும், ராத்தாவின் வளவுப் பக்கச் சுவரைக் காட்டி, "இதால ஒண்டத் தொறந்து உடுங்க. ஒரு வழி எப்பிடியும் வேணும்" என்றீர்கள். அன்று நீங்கள் வைத்த அந்தச் சிறிய கதவால்தான் ராத்தாவும் நானும் இன்றைக்கும் போய்வருகிறோம்.

அடுத்த வருடம் பொத்துவிலில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். அல்லாஹ் உங்கள் கப்றுக்குழியை விசாலமாக்கி வைக்கட்டும். உங்கள் விதியை மேலிடம் கடைசிவரை ஏற்கவில்லை.

இப்போது என் மகளுக்கு வீடு கட்டி முடிகிறது. பிளானுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, எல்லாம் சட்டப்படி. ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. பிளானில் பின்பக்கம் வெறும் சுவர். களவுக்குப் பயம் என்கிறார் மருமகன். அவரையும் பிழை சொல்ல முடியாது. போன கிழமை நான் பிடிவாதமாக நின்று பின்சுவரில் ஒரு கதவு வைக்கச் செய்தேன். நல்ல தடித்த பலகை. வெளியிலிருந்து எவராலும் திறக்க முடியாது. இது போதுமா, இது சரியா என்று கேட்க நீங்கள் இல்லை, காக்கா. உள்தாழ்ப்பாளை மட்டும், நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் கை எட்டுகிற உயரத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.