அந்தப் பெண்ணின் முகவரியைக் கொடுக்காத மதினிக்கு

மதினி, என் அருமை மதினி,

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்திருந்தாள். கூடவே அவளுடைய அப்பாவும் வந்திருந்தார். உங்கள் படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் வெகுநேரம் நின்றார்கள். "மதினியப் பத்தி எழுதப் போறேன்" என்று அவளிடம் சொன்னேன். "எழுதுங்க ஆன்ட்டி, என் பேர் மட்டும் வேண்டாம்" என்றாள். அதனால் இங்கேயும் அவள் வெறும் அந்தப் பெண்தான். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து நீங்கள் அண்ணனுக்கு மனைவியாக ஹைதராபாத்துக்கு, நம் ராமச்சந்திராபுரம் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது உங்களுக்கு. ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டு, அமீர்பேட்டையில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். அப்போது அந்தத் தெருவில் சுவர் தெரியாத அளவுக்குக் கம்ப்யூட்டர் கோர்ஸ் போர்டுகள். வீட்டுக்கு ஒரு பிள்ளை பாஸ்போர்ட்டோடு அலைந்த காலம்.

உங்கள் ஆபீஸில் பிள்ளைகளின் மார்க் ஷீட், பாஸ்போர்ட் நகல், அப்பாவின் பேங்க் பேப்பர் எல்லாம் மேஜைமேல் திறந்தே கிடக்குமாம். வருகிறவர் போகிறவர் யார் வேண்டுமானாலும் புரட்டலாம். நீங்கள்தான் சண்டை போட்டு ஒரு பீரோ வாங்க வைத்தீர்கள். சாவி உங்கள் கைப்பையில். "என்ன மேடம், கோயில் நகையா?" என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்ததை நீங்களே எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்.

அந்தப் பெண் வீட்டில் சொல்லாமல் வெளிநாடு போனவள். பிடிக்காத இடத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சித்தியின் உதவியோடு கிளம்பியவள், போகும்போது உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யார் வந்து கேட்டாலும் நான் எங்க இருக்கேன்னு சொல்லாதீங்க மேடம்."

சில மாதங்களில் அவள் அப்பா வந்து நின்றார். மிரட்டவில்லை, அழுதார். "நா கூத்துரு அம்மா, என் மகம்மா அவ. எந்த ஊர்ல, எந்தக் காலேஜ்ல இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

நீங்கள் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். "அவங்க நல்லா இருக்காங்க சார். நீங்க வந்ததை நானே சொல்றேன். பேசணும்னு தோணுச்சுன்னா அவங்களே கூப்பிடுவாங்க" என்றீர்கள். அதற்குமேல் ஒரு சொல் பெயரவில்லை.

முதலாளி எழுந்து வந்தார். "பெத்த தகப்பன் அழறார், உனக்கு மனசே இல்லையா? பீரோ சாவியைக் குடு."

"தர்றேன் சார். ஆனா நீங்க அட்ரஸ் குடுத்துட்டீங்கன்னு அந்தப் பொண்ணுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிருவேன்."

முதலாளி சாவியை வாங்கவில்லை. அடுத்த மாதமே உங்களைக் கவுன்ட்டரில் உட்கார்த்தி விளம்பர நோட்டீஸ் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்.

வீட்டில் அம்மாவும் திட்டினாள். "பெத்தவன்ட்ட மறைக்கதெல்லாம் ஒரு வேலையாட்டி?"

"குடுத்துட்டுப் பெறவு தப்பாப் போச்சுன்னா திருப்பி வாங்க முடியுமா அத்தே?" என்றீர்கள் நீங்கள். வாய் அப்படிச் சொன்னதே தவிர, அன்றைக்கு உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் தனியாக வந்து, "செண்பகம், அந்த மனுசன் நெசமாவே நல்லவரா இருந்தா நான் பண்ணது பாவந்தானே?" என்று கேட்டீர்கள். அவர் நல்லவரா என்று தெரியாமலேதான் உறுதியாக நின்றீர்களா மதினி? அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

அந்த வேலையை விட்டுவிட்டு மாதாப்பூருக்கு இன்டர்வியூ போனீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அட்மிஷன் வேலை செய்து கொடுக்கும் கம்பெனி. பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள், நடந்ததை அப்படியே சொன்னீர்கள். மாணவர் விவரங்களைக் காக்கும் பொறுப்பையே உங்களிடம் கொடுத்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து எந்தெந்த நாட்டுச் சட்டமோ படிப்பீர்கள். ஒரு வெளிநாட்டுக் கல்லூரி, பிள்ளைகளின் வைத்தியக் குறிப்புகளையும் சேர்த்து அனுப்பச் சொன்னபோது, அத்தனை பேர் இருந்த மீட்டிங்கில் "இது எதுக்கு உங்களுக்கு?" என்று கேட்டது நீங்கள் ஒருத்திதானாம். உங்கள் ஆபீஸ்காரர்கள் துக்கத்துக்கு வந்தபோது சொன்னார்கள்.

'பிரைவசி ஆபீசர்' என்று கார்டு அடித்துக் கொண்டுவந்த அன்று, அது என்ன உத்தியோகம் என்று அம்மா கேட்டாள். "அடுத்தவங்க விசயத்தை வெளிய விடாம இருக்கதுக்குச் சம்பளம் அத்தே." அம்மா யோசித்துவிட்டு, "அப்போ நம்ம தெருவுல வேற ஒருத்திக்கும் அந்த வேலை கிடைக்காது" என்றாள். அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அப்பா என்னிடம் பேசியதைச் சொல்ல வேண்டும். மகள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த பிறகு அவளாகவே அவருக்குப் போன் செய்தாளாம். "அன்னைக்கு உங்க மதினி அட்ரஸ் குடுத்திருந்தா, நான் போய் இழுத்துட்டு வந்திருப்பேன்மா. அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் அவ என்கூடப் பேசியிருக்க மாட்டா. இன்னைக்கு அவளே காரோட்டி என்னைக் கூட்டிட்டு வந்திருக்கா." நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது மதினி. கேட்க நீங்கள்தான் இல்லை.

இன்னொரு விஷயம். உங்களுக்கு என்ன நோய், எத்தனை நாளாக இருந்தது, ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று ஊரிலிருந்து போன்மேல் போன். அண்ணன் எடுப்பதில்லை, நான்தான் எடுக்கிறேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நமக்குள்ளயே இருக்கட்டும் செண்பகம்" என்றீர்களே. பெரியத்தை கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். வைத்தால் வைக்கட்டும். இதைப் படிக்கிறவர்களுக்கும் நான் சொல்லப்போவதில்லை. நான் இருக்கிறவரை, என் வாயிலிருந்து அது வராது மதினி.

உங்கள் நாத்தனார்,
செண்பகம்
ராமச்சந்திராபுரம், ஹைதராபாத்