தீவிரம் நான்கு

ஜனவரி 14

நஷ்டஈட்டு அலுவலகத்துக் கடிதம் வந்துவிட்டது. சமையலறைப் பின்சுவர் பிளந்ததற்கும் டிசம்பர் நிலநடுக்கத்துக்கும் சம்பந்தம் இல்லையாம். எங்கள் ஊரில் தீவிரம் நான்குதானாம். நான்கில் சுவர் பிளக்காதாம். விரிசலில் என் கை நுழைகிறது! எங்கள் க்ரோனிங்கன் மாகாணத்து மண்ணுக்கடியில் இருந்த எரிவாயுவை எல்லாம் உறிஞ்சி எடுத்து நிலத்தை ஆட வைத்துவிட்டு, வீடு பழசு என்கிறார்கள். பழசுதான். நூற்றுப்பத்து வருஷம் நேராக நின்ற பழசு.

ஜனவரி 16

விட மாட்டேன்.

ஜனவரி 17

அலுவலகத்துக்கே போனேன். ஆய்வாளர் வெஸ்டர்மன் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசினார். பூமிக்கடியில் எவ்வளவு பலமாக அதிர்ந்தது என்று கருவி சொல்லுமாம். அதற்கு ஒரே எண். தீவிரம் வேறு. ஒவ்வோர் ஊரிலும் என்ன ஆனது, ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்து ஊருக்கு ஊர் கணிப்பது. பாத்திரம் விழுந்ததா? எத்தனை பேர் பயந்து வெளியே ஓடினார்கள்?

"யாரைக் கேட்டுக் கணிச்சீங்க?"

"உங்க ஊர்க்காரங்க நிரப்பின படிவம்தான் மேடம். நாப்பத்தோரு வீடு. எல்லாரும் 'லேசா உணர்ந்தோம்'னு போட்டிருக்காங்க. ஒருத்தர்கூட பயப்படல."

எங்கள் வீட்டுப் படிவத்தை எடுத்துக் காட்டினார். என் புருஷன் யான்னஸின் கையெழுத்து. லேசாக உணர்ந்தோம். அமைதியாக இருந்தோம்.

மாதக் கடைசி வரை திருத்தலாமாம்.

ஜனவரி 18

"லேசாவா? பீங்கான் அலமாரியே கவுந்து கிடந்துதே."

"அவ்வளவு ஒண்ணும் இல்ல, ஃபென்யே. வீடு நிக்குதுல்ல?"

இது எங்கள் ஊர் வியாதி. கால் முறிந்தவனைக் கேட்டாலும் பரவாயில்லை என்பான். சாப்பாடு பிரமாதம் என்றால் "மோசமில்ல" என்போம். கூட்டிச் சொல்வது வெட்கக்கேடு. குறைத்துச் சொன்னால் மட்டும் பொய் இல்லையோ?

ஜனவரி 22

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பக்கத்து வீட்டு ஹில்யே, "கொஞ்சம் ஆடுச்சு" என்றாள்.

"அப்ப எங்க இருந்தே?"

"குளிச்சிட்டு இருந்தேன்."

"ஆடினதும்?"

"தெருவுல."

"என்ன உடுத்தியிருந்தே?"

"துண்டு."

"அதை எழுது."

சிரித்துக்கொண்டே எழுதினாள். பாதிரியார்தான், "நீ ரொம்பத் தீவிரமா இருக்கே ஃபென்யே" என்றார். ஊரில் ஒருத்தியாவது இருக்க வேண்டாமா என்றேன்.

ஜனவரி 27

முப்பத்தாறு வீடு முடிந்தது. என் வீடு முடியவில்லை. "நான் பயந்தாங்கொள்ளின்னு அரசாங்க ஏட்டுல ஏறணுமா?" என்கிறான் யான்னஸ்.

ஏன் என்று எனக்குத் தெரியும். நிலம் ஆடிய அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் அடுப்படியில், அவன் கதவருகே. ஓடினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை — இதுவரை நான் கேட்டதில்லை, இங்கேயும் எழுதவில்லை. எழுதிட்டேன் இப்ப. என்னைக் கூப்பிடக்கூட இல்லையே அவன். சொல்லித் தொலைச்சா என்ன? சுவர் என் தலைமேல விழுந்தாலும் பரவால்லையா?

ஜனவரி 31

இத்தனை பேர் ஒரேயடியாகத் திருத்தியதில் சந்தேகம் வந்து வெஸ்டர்மன் நேரில் வந்தார். எங்கள் சமையலறையில் பாதி ஊர். அவர் யான்னஸைப் பார்த்துக் கேட்டார்.

"ஊர்ல எல்லார் படிவமும் மாறிடுச்சு. சுவர் பிளந்த வீட்டுப் படிவம் மட்டும் மாறல. எது சார் உண்மை?"

யான்னஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஓடினேன். இவளை உள்ள விட்டுட்டு ஓடினேன். எழுதிக்கோங்க."

ஹில்யே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதிரியார் தொண்டையைச் செருமினார். என் புருஷனை அவர்கள் அப்படித் தனியாக விட்டுவிட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

"நானும் ஓடியிருப்பேன்," என்றேன். "கையில கொதிக்கிற கடுகு சூப் இருந்துச்சு."

பிப்ரவரி 19

தீவிரம் ஆறு என்று திருத்திவிட்டார்கள். திங்கட்கிழமை சுவரைப் பிரித்துக் கட்ட வருகிறார்கள். அதுவரைக்கும், நான் சமைக்கப் போகும்போதெல்லாம் யான்னஸும் கூடவே வந்து எனக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறான். இடைஞ்சலாகத்தான் இருக்கிறது. தள்ளிப் போ என்று நான் சொல்லவில்லை.